பூட்டும் சாவியும் – 19: சட்டைப் பைக்குள் வந்த சாவி

2009 ஆகஸ்ட் 1, சனிக்கிழமை. இணையத்தில் கார்டு போட்டுப் பொருள் வாங்குகிற இந்தியர்களிடம் அன்று முதல் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கப்பட்டது. அதுவரை கார்டின் முகத்தில் இருக்கும் 16 எண்கள், காலாவதி மாதம், முதுகில் இருக்கும் 3 எண்கள் தெரிந்தால் போதும். பில்லுக்காகக் கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகிற ஓட்டல் பணியாளர் நினைத்தால் மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளலாம். அந்த ஆண்டு பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. கார்டில் அச்சிடப்படாத இன்னொரு தகவலையும் கேட்டுச் சரிபார்த்த பிறகே பணத்தை விடவேண்டும் என்பது அதன் சாரம்.

வங்கிகள் முதலில் அதற்கென்று தனியாக ஒரு கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளச் சொல்லின. வாடிக்கையாளர்கள் வைத்தார்கள், மறந்தார்கள், டிக்கெட் எடுக்கும் நேரத்தில் திண்டாடினார்கள். பிறகுதான், வாங்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணைச் செல்போனுக்கு எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் பழக்கம் பரவியது. ஓடிபி என்ற மூன்றெழுத்து பால் பாக்கெட் போல வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

1961இல் எம்ஐடியில் பெர்னாண்டோ கோர்படோவின் குழு கணினிக்குக் கடவுச்சொல் வைத்ததையும், அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் மொத்தக் கடவுச்சொற்களையும் அச்சடித்து எடுத்துக்கொண்டதையும் இந்தத் தொடரின் தொடக்கத்தில் பார்த்தோம். அந்தக் கதை முழுக்கப் பொறியாளர்களின் கதை. செல்போன் சாவியான கதை நம் நாட்டில் ஒரு சுற்றறிக்கையில் தொடங்குகிறது. அமெரிக்காவில் இன்றைக்கும் பல இணையக் கடைகள் கார்டு எண்ணை வாங்கிக்கொண்டு மறுபேச்சில்லாமல் பொருளை அனுப்பிவிடுகின்றன. இந்த ஒன்றில் நாம் அவர்களுக்கு முன்னால் போனோம்.

இதை நான் எழுதுவது கோவில்பதாகையில் இருந்து. ஆவடியை ஒட்டிய ஊர், பெரிய ஏரி உண்டு. சுற்றிலும் பாதுகாப்புத் துறையின் நிலம். 1960களில் வந்த கனரக வாகனத் தொழிற்சாலை, ராணுவ உடைத் தொழிற்சாலை, பீரங்கி வண்டிகளை வடிவமைக்கும் ஆய்வு நிறுவனம், விமானப்படை நிலையம், சிஆர்பிஎப் முகாம் எல்லாம் சில கிலோமீட்டருக்குள் அடங்கும். 2021 அக்டோபர் 1ஆம் தேதி படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது, கவச வாகனங்களுக்கான நிறுவனம் தலைமையகம் வைத்தது ஆவடியில்தான். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டினால்தான் வேலைக்குள் நுழைய முடியும் என்று பழகிய குடும்பங்கள் இங்கே அதிகம். ஆளைப் பார்த்து, அட்டையைப் பார்த்து, பதிவேட்டில் எழுதி உள்ளே விடும் வாசலைக் கடந்து முப்பது வருடம் வேலைக்குப் போன ஒருவர், ஓய்வு பெற்ற பிறகு வரும் ஒரு போன் அழைப்பில் ஆறு எண்களைச் சொல்லிவிடுகிறார்.

“சார், உங்க பேங்க்ல இருந்து பேசறோம். கேஒய்சி முடிஞ்சுபோச்சு. இப்ப ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்க சார்.”

ஓடிபியின் பலவீனம் இந்த ஒரு பேச்சில் முழுசாக இருக்கிறது. மனிதர் கண்ணால் படிக்கக்கூடிய ரகசியத்தை மனிதர் வாயாலேயே சொல்லவும் முடியும். ஜார்க்கண்டின் ஜாம்தாரா என்ற மாவட்டத்தின் பெயர் நாடெங்கும் தெரிந்ததற்கு அந்தப் பலவீனமே காரணம். சொல்லாமல் காப்பவருக்கும் வேறு வழியில் ஆபத்து உண்டு. போலி ஆவணத்தைக் காட்டி உங்கள் எண்ணுக்கு இன்னொரு சிம் வாங்கிவிட்டால் எஸ்எம்எஸ் திருடனுக்கே போய்ச் சேரும். 2019 ஆகஸ்டில் ட்விட்டர் நிறுவனத் தலைவர் ஜாக் டோர்சியின் ட்விட்டர் கணக்கே இப்படித்தான் கைமாறியது. ஜெர்மனியில் 2017இல் சிம்மைக்கூடத் தொடவில்லை. தொலைபேசி நிறுவனங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பழைய எஸ்எஸ்7 வலையமைப்பில் நுழைந்து, வங்கி அனுப்பிய எண்களை வழியிலேயே திருப்பிப் பணத்தை எடுத்தார்கள். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், எஸ்எம்எஸ்ஸை நம்பிக் கதவைத் திறக்காதீர்கள் என்று 2016இலேயே வரைவில் எழுதியது. இறுதி அறிக்கையில் கொஞ்சம் இறங்கிவந்து, கட்டுப்பாட்டோடு பயன்படுத்தலாம் என்று மாற்றிக்கொண்டது.

ரகசியமும் பொருளும் சேர்ந்தால்தான் நம்பிக்கை என்பது நம் ஊருக்குப் புதிதில்லை. கணையாழியை மட்டும் கொடுத்து அனுமனை ராமன் அனுப்பவில்லை, தனக்கும் சீதைக்கும் மட்டுமே தெரிந்த சில நிகழ்ச்சிகளையும் சொல்லி அனுப்பினான். சந்நியாசி வேடத்தை நம்பி ஒருமுறை ஏமாந்த சீதை, வந்தவன் இன்னொரு வேடமோ என்றுதான் முதலில் ஐயப்பட்டாள். இன்றைய போலி இணையதளத்தின் முன் நாம் நிற்பது அந்த நிலையில். ஆனால் கணையாழியைத் திருடி, அந்த நிகழ்ச்சிகளையும் ஒட்டுக்கேட்டுக்கொண்டு எவனும் வந்திருக்கலாமே என்ற கேள்வி அங்கே எஞ்சுகிறது. அதற்கு விடை கண்டது 20ஆம் நூற்றாண்டின் கணிதம்.

1976இல் விட்பீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும், மறுவருடம் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் காட்டிய வழி இது: ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு பெரிய எண்கள். ஒன்றை ஊரறியக் கொடுத்துவிடலாம், மற்றதைக் கையைவிட்டுப் போகவிடவே கூடாது. எதிரே இருப்பவர் ஒரு புதிய எண்ணை வீசுகிறார், நீங்கள் உங்கள் ரகசிய எண்ணால் அதில் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருகிறீர்கள். ஊரறிந்த எண்ணை வைத்து அந்தக் கையெழுத்தை அவர் சரிபார்க்கலாம், ஆனால் ரகசிய எண்ணை ஒருக்காலும் கண்டுபிடிக்க முடியாது. ரகசியத்தைச் சொல்லாமலே ரகசியம் என்னிடம் இருக்கிறது என்று நிரூபிக்கலாம். கணிதம் அப்போதே தயார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளத்தான் நாற்பது வருடம் பிடித்தது.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010 ஜனவரியில், சீனாவில் இருந்து வந்த தாக்குதலில் தன் அமைப்புக்குள் ஆட்கள் நுழைந்துவிட்டார்கள் என்று கூகுள் வெளியே சொன்னது. அதன்பிறகு கடவுச்சொல்லை நம்பிப் பயனில்லை என்ற முடிவுக்கு அங்கே பொறியாளர்கள் வந்தார்கள். ஸ்வீடனில் ஸ்டீனா ஏரன்ஸ்வார்டும் ஜேக்கப் ஏரன்ஸ்வார்டும் 2007இல் தொடங்கிய யுபிகோ என்ற நிறுவனம் யுஎஸ்பி துளையில் செருகும் சிறு சாவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. இரண்டு தரப்பும் சேர்ந்தன. 2013இல் வெளியுலகுக்கு அறிமுகமான ஃபைடோ என்ற கூட்டமைப்பின் வழியே பொதுத் தரமும் வந்தது. 2014 அக்டோபரில் கூகுள் கணக்குக்கு இந்தச் சாவியைப் போடலாம் என்று அறிவித்தார்கள். 2017 தொடக்கத்தில் தன் 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் எல்லோரையும் சாவிக்கு மாற்றியது கூகுள். அதற்குப் பிறகு வேலைக் கணக்கு ஒன்றுகூடப் போலித்தளத்தில் பறிபோனதாகத் தகவல் இல்லை என்று 2018இல் சொன்னது.

அந்தச் சாவியின் சூட்சுமம் கணிதத்தில் மட்டும் இல்லை. கையெழுத்துப் போடும் முன் பிரவுசர் இணையதளத்தின் முகவரியையும் சேர்த்துக் கொடுக்கிறது. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி ஒருவன் அச்சு அசலாகத் தளம் கட்டியிருக்கலாம். அறுபது வயதுக் கண்ணுக்கு அது தெரியாது, இருபது வயதுக் கண்ணுக்கும் அவசரத்தில் தெரியாது. சாவிக்குத் தெரியும். அந்த முகவரிக்கென்று தன்னிடம் எந்த ரகசிய எண்ணும் இல்லாததால் அது சும்மா இருந்துவிடும். ஏமாறுகிற வேலையை மனிதரிடமிருந்து எடுத்து, ஏமாறத் தெரியாத ஒரு சில்லிடம் கொடுத்தது இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் என்பேன்.

ஆனால் யார் வாங்குவார்கள்? சில ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு சின்னச் சாவியை, தொலைந்தால் என்ன செய்வது என்று இன்னொன்றையும் சேர்த்து வாங்கி, கணினியில் செருகி வேலை பார்க்கிறவர்கள் ஊரில் எத்தனை பேர்? கோவில்பதாகையில் ஒரு கடையிலும் அது தொங்கி நான் பார்த்ததில்லை. எல்லோர் கையிலும் ஏற்கெனவே இருக்கிற பொருளையே சாவியாக்குவதுதான் ஒரே வழி.

2019 ஏப்ரல் 10ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோவில் நடந்த தன் மாநாட்டையொட்டிக் கூகுள் அதை அறிவித்தது. ஆண்ட்ராய்டு 7ஆம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ ஓடும் எந்தப் போனும் இனி பாதுகாப்புச் சாவி. கணினியில் குரோம் பிரவுசரைத் திறந்து கடவுச்சொல்லை அடித்ததும் போனில் கேள்வி வரும், ஒப்புக்கொண்டால் கதவு திறக்கும். கூகுளின் சொந்தப் போனான பிக்சல் 3இல் அந்த ஒப்புதலுக்குத் திரையைத் தொடக்கூடாது, ஒலியைக் குறைக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். போனுக்குள் புகுந்த தீய நிரல் திரையைத் தானாகத் தட்டிவிடலாம், பொத்தானை அழுத்த விரல் வேண்டும்.

போனில் கேள்வி வருவது 2016இலேயே இருந்ததுதானே என்று கேட்கலாம். இருந்தது. அது இணையம் வழியாக வந்தது. திருடன் எந்த நாட்டில் உட்கார்ந்து கடவுச்சொல்லை அடித்தாலும் உங்கள் போன் மணியடிக்கும், தூக்கக் கலக்கத்தில் ஆமாம் என்று தட்டினால் தீர்ந்தது. 2022 செப்டம்பரில் உபெர் நிறுவனத்துக்குள் ஒருவன் புகுந்தது இப்படித்தான். ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு மறுபடி மறுபடி கேள்வியை அனுப்பி, கடைசியில் ஒரு முறை ஒப்புக்கொள்ள வைத்தான். 2019இல் வந்த முறையில் புளூடூத் நடுவில் நிற்கிறது. கணினியும் போனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாக வேண்டும். இயர்போனை இணைப்பதுபோல இரண்டையும் முன்கூட்டி இணைத்து வைக்க வேண்டியதில்லை, அருகில் இருப்பதை உறுதிசெய்துகொள்ள மட்டுமே புளூடூத். வெளியூர்த் திருடனுக்கு உங்கள் வீட்டு அறை எட்டாது.

அதே புளூடூத்தான் நம் பக்கத்தில் இடைஞ்சலும் ஆனது. பிரவுசிங் சென்டரிலும் பல வீடுகளிலும் இருந்த பழைய மேசைக் கணினிகளில் புளூடூத் கிடையாது. அது வேண்டுமென்றால் யுஎஸ்பியில் செருகும் ஒரு குச்சியைத் தனியாக வாங்க வேண்டும். சாவி வாங்கத் தேவையில்லை என்று சொன்னவர்கள் குச்சி வாங்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? ஆரம்பத்தில் குரோமுக்கும் கூகுள் கணக்குக்கும் மட்டும்தான் என்ற கட்டுப்பாடு வேறு. 2020 ஜனவரியில் ஐபோனையும் சாவியாக்கினார்கள். பத்திரிகைகள் எழுதின, பாதுகாப்பு ஆர்வலர்கள் மகிழ்ந்தார்கள், எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் தெருவுக்கு வேறு வழியாக, மூன்று வருடம் முன்பே, போன் சாவியாகி வந்திருந்தது. 2016 ஏப்ரலில் ரகுராம் ராஜன் மும்பையில் தொடங்கிவைத்து, ஆகஸ்டில் வங்கிச் செயலிகளாகக் கடைக்கு வந்த யுபிஐயைத்தான் சொல்கிறேன். செயலியைப் போட்டதும் அது ஓர் எஸ்எம்எஸ்ஸை உங்கள் போனில் இருந்து வெளியே அனுப்புகிறது. பலரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். எந்த எண்ணில் இருந்து அது வந்தது என்று பார்த்து, அந்த எண், அந்த சிம், அந்தப் போன் மூன்றையும் வங்கிக் கணக்கோடு முடிச்சுப் போடுகிறார்கள். இனிமேல் போன் ஒரு சாட்சி, பின் எண் இன்னொரு சாட்சி. ஓடிபியில் செய்தி உள்ளே வந்ததால்தான் எவனோ கேட்டு வாங்க ஓர் எண் கிடைத்தது. இங்கே செய்தி வெளியே போகிறது, கேட்டு வாங்க எதுவும் இல்லை. கூகுளின் சாவியைப்போல முகவரியைச் சரிபார்க்கும் கூர்மை இதற்குக் கிடையாது. இருந்தாலும் கோடிக்கணக்கானவர்களுக்கு, ஒரு சாவியையும் விற்காமல், போனையே சாவியாக்கிக் கொடுத்த முதல் பெரிய ஏற்பாடு என்று இதைச் சொல்லத் தயங்கமாட்டேன்.

மோசடிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. சாவியைத் திருட முடியாவிட்டால் சாவிக்காரரையே திறக்க வைத்தார்கள். ‘பணம் வருது, பின் போடுங்க’ என்று சொல்லிப் பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பினார்கள். பணம் வாங்கப் பின் தேவையில்லை என்று எவ்வளவு விளம்பரம் செய்தும் நிற்காததால், தனிமனிதர்கள் ஒருவரிடம் ஒருவர் அப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப்பட்டுவாடா கழகம் நிறுத்தியது.

ஆவடிக்கு நெருக்கமான இன்னொரு கிளைக்கதை உண்டு. மத்திய அரசு ஊழியர்களின் அலுவல் மின்னஞ்சலுக்கு, தேசியத் தகவலியல் மையம் ‘கவச்’ என்ற செயலியை இரண்டாவது பூட்டாக வைத்தது. ரயில்கள் மோதாமல் காக்கும் கவச் வேறு, இது வேறு. நோக்கம் சரியானது. ஆனால் அந்தப் பூட்டின் பெயரே தூண்டிலானது. 2022 மார்ச்சில் சிஸ்கோ டாலோஸ் ஆய்வாளர்கள், பாகிஸ்தானோடு தொடர்புபடுத்தப்படும் ஓர் ஊடுருவல் குழு போலி கவச் நிறுவியைக் கொடுத்து இந்திய அரசு ஊழியர்களின் கணினிக்குள் நுழைய முயன்றதை வெளியிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் இசட்ஸ்கேலர் நிறுவனம், கூகுள் தேடலில் விளம்பரம் வாங்கியே போலி கவச் தளத்தை மேலே கொண்டுவந்திருக்கிறார்கள் என்றது. பாதுகாப்புக்காகத் தேடியவர்தான் அங்கே மாட்டினார். தொழிற்சாலை வாசலில் காவலர் உடையிலேயே திருடன் வந்து நின்றால் என்ன செய்வது என்று இங்கே யாரைக் கேட்டாலும் புரியும். தனியாக எங்கிருந்தோ இறக்கி நிறுவ வேண்டிய பூட்டைவிட, போனோடும் பிரவுசரோடும் பிறந்த பூட்டே மேல் என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

எண்கள் என்ன சொல்கின்றன? 2019 மே மாதம், நியூயார்க் பல்கலைக்கழகத்தோடும் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து செய்த ஆய்வைக் கூகுள் வெளியிட்டது. ஆளைக் குறிவைத்து நடக்கும் தாக்குதலில் எஸ்எம்எஸ் எண் தடுத்தது 76 சதவீதம். போனில் வரும் கேள்வி 90 சதவீதம். பாதுகாப்புச் சாவி 100 சதவீதம். கூகுள் தன் பொருளைத் தானே அளந்தது என்று ஒதுக்கலாம். அப்படி ஒதுக்குபவர்களுக்கு 2022இல் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தில் நடந்த கதை இருக்கிறது. ஜூலை 20ஆம் தேதி ஒரு நிமிடத்துக்குள் அதன் ஊழியர்கள் 76 பேருக்காவது போலி எஸ்எம்எஸ் வந்தது. மூன்று பேர் நம்பிக் கடவுச்சொல்லைப் போலித்தளத்தில் அடித்தே விட்டார்கள். ஆனால் அவர்கள் கையிலிருந்த பாதுகாப்புச் சாவி போலித்தளத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை. இதேபோன்ற எஸ்எம்எஸ் வந்த ட்விலியோ நிறுவனத்தில் திருடர்கள் உள்ளேயே போய்விட்டார்கள்.

அதே 2022இல், மே 5ஆம் தேதிதான் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் ஒரே குரலில் பேசின. இரண்டாவது பூட்டாக இருந்த போன் இனி ஒரே பூட்டாகலாம், கடவுச்சொல்லே வேண்டாம். அந்த அறிவிப்பின்போது ஃபைடோ கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர் கூகுளின் சம்பத் சீனிவாஸ். பாஸ்கீ என்று பெயர் வைத்தார்கள். செப்டம்பரில் ஐபோனுக்கு வந்தது. 2023 மே மாதம் கூகுள் கணக்குகளுக்கும் வந்தது. ரகசிய எண் போனை விட்டு வெளியே போகவே கூடாது என்பது பழைய சட்டம். பாஸ்கீயில் அதைத் தளர்த்தி, பூட்டிய வடிவில் ஆப்பிள், கூகுள் கிடங்குகளில் நகல் வைக்க அனுமதித்தார்கள். போன் தொலைந்தால் புதுப் போனில் மீட்கலாம் அல்லவா? நகல் எடுக்க முடிகிற சாவி ஒரு சாவியா என்று கண்டிப்பானவர்கள் முணுமுணுத்தார்கள். என் கட்சி தளர்த்தியவர்களின் கட்சிதான். ஆவடி மார்க்கெட்டில் பழைய போனைக் கொடுத்துப் புதுசு வாங்குகிற ஊரில், நகலில்லாத சாவியை நம்பி யாரும் வாழ முடியாது. சென்னையின் ஜோஹோ நிறுவனமும் ஒன்ஆத் என்ற செயலி வழியே தன் வாடிக்கையாளர்களின் போனை இதே வேலைக்குப் பழக்கி வைத்திருக்கிறது.

இந்த வரலாற்றை எழுதுகிற வெளிநாட்டார் யாரும் சரியாகப் பேசாத ஒன்று உண்டு. அவர்கள் போன் என்றால் ஒருவருடையது என்று எண்ணிக்கொள்கிறார்கள். இங்கே போன் வீட்டுடையது. அப்பாவின் போனில் மகள் பாடம் பார்க்கிறாள், பேரன் விளையாடுகிறான், மருமகள் கரண்ட் பில் கட்டுகிறாள். திரைப் பூட்டின் கோலம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பக்கத்து வீட்டுப் பையனுக்கும் தெரிந்திருக்கும். பாஸ்கீயோ அந்தத் திரைப் பூட்டு ஒன்றையே நம்பி நிற்கிறது. உலகத்தின் மிகச் சிறந்த கணிதத்தை நான்கு புள்ளிகளை இணைக்கும் ஒரு கோட்டின் மேல் உட்கார வைத்திருக்கிறோம். இதற்குப் பொறியாளர்களிடம் மருந்து இல்லை. கைரேகை கொஞ்சம் உதவும். 2025 அக்டோபரில் யுபிஐயிலும் பின்னுக்குப் பதில் கைரேகையோ முகமோ வைக்க வழி செய்தார்கள்.

ரிசர்வ் வங்கியும் தன் 2009 உத்தரவுக்குப் பிறகு நீண்ட தூரம் வந்துவிட்டது. மின்னணுப் பணப் பரிமாற்றத்தில் ஆளைச் சரிபார்க்கும் முறைகளுக்கான புதிய விதிகளை 2025 செப்டம்பரில் வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1 நடைமுறைத் தேதி. எஸ்எம்எஸ்ஸைத் தாண்டிப் போங்கள் என்று வங்கிகளுக்கு வழிவிடும் விதிகள் அவை. ஆனால் ஓடிபியை அவை ஒழிக்கவில்லை. துணிந்து ஒழித்திருக்கலாம் என்பது என் எண்ணம். பட்டன் போன் வைத்திருப்பவர்களை நினைத்து நிறுத்தியிருந்தால் அதையும் மறுக்க முடியாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மின்னஞ்சல் கணக்கில் பாஸ்கீயைப் போடும் முன் திரைப் பூட்டை மாற்றுங்கள். கோலத்தை விட்டுவிட்டு ஆறு எண்ணாவது வையுங்கள், அதைக் குழந்தைகளிடம் சொல்லாதீர்கள். போன் போனால் கணக்கை மீட்க உதவும் எண்களைக் காகிதத்தில் அச்சடித்து, ரேஷன் கார்டும் பத்திரமும் இருக்கும் இடத்தில் வையுங்கள். பழைய போனை விற்கும் முன் கணக்குகளை அதிலிருந்து நீக்கி, முழுசாக அழித்துவிட்டுக் கொடுங்கள். கைரேகையே சாவியானால் என்ன ஆகும் என்பதை, ஆதாரின் கதையோடு, அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)